ஜாமீன் கொடுக்க ஆள் இல்லையா?

வீட்டில் ஒருவரைப் போலீசார் கைது செய்துவிட்டால் குடும்பமே கலங்கிப் போகும். கோர்ட்டுக்கு ஓடுவார்கள். அங்கே தரகர் ஒருவர் வருவார். "ஜாமீனுக்கு நான் ஆள் தருகிறேன். பணம் மட்டும் கொடுங்கள்" என்பார். அவரை நம்பலாமா?

நம்பக் கூடாது. ஜாமீன் தரகர் என்ற தொழிலுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடம் இல்லை.

ஜாமீன் என்றால் என்ன?

வழக்கு முடியும்வரை ஒருவரைச் சிறைக்கு வெளியே விட்டுவைப்பதே ஜாமீன். "கூப்பிடும் நாளில் கோர்ட்டுக்கு வருவேன்" என்று அவர் பத்திரம் எழுதிக் கொடுப்பார். "அவர் வருவார், அதற்கு நான் பொறுப்பு" என்று இன்னொருவர் எழுதிக் கொடுப்பார். இந்த இரண்டாமவரே ஜாமீன்தாரர்.

யார் ஜாமீன்தாரர் ஆகலாம்?

சொந்தக்காரர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் வரலாம். அடையாள அட்டை வேண்டும். வீட்டு வரி ரசீது, நிலப் பத்திரம், சம்பளச் சான்று போன்றவற்றையும் கோர்ட்டு கேட்கலாம். 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றால், அவர் அந்தப் பணத்தை அன்றே கட்ட வேண்டும் என்று பொருள் அல்ல. வெளியே வந்தவர் தலைமறைவானால், அந்தப் பணத்தைக் கட்டும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். ஆகவே தெரிந்தவருக்கு மட்டுமே ஜாமீன் கொடுக்க வேண்டும்.

தரகரால் என்ன கெடுதல்?

தரகர் கொண்டுவரும் ஆள் போலியாக இருக்கலாம். அது தெரியவந்தால், வெளியே வந்தவரையே மறுபடி கைது செய்யக் கோர்ட்டு உத்தரவிடலாம். பணமும் போகும், விடுதலையும் போகும்.

ஒரு கொத்தனாரின் வழக்கு

மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். கொத்தனாரின் தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவர் ஒருவர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தது. அதனால் அவரை ஏற்கவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். வெளியூர்க்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்றார். ஏழையிடம் பெருந்தொகை கேட்பதையும் கண்டித்தார். 1,000 ரூபாய்க்குக் கொத்தனாரின் சொந்தப் பத்திரமே போதும் என்று உத்தரவிட்டார்.

ஆளே கிடைக்காவிட்டால்?

சில குற்றங்களுக்கு ஜாமீன் கேட்பது உரிமை. அப்படிப்பட்ட வழக்கில் ஓர் ஏழையால் ஜாமீன்தாரரைத் தர முடியாவிட்டால், அவரைச் சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கருத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது.

மற்ற வழக்குகளிலும் வழி உண்டு. தொகையைக் குறைக்கும்படி கோர்ட்டில் மனுக் கொடுக்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம். தரகரைத் தேடும் முன் அந்த அலுவலகத்தைத் தேடுவதே நல்லது.