மேலேயா, கீழேயா?

செமராங்கில் வீடு தேடுகிறேன் என்று சொன்னால், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே “மேலேயா, கீழேயா?” என்று கேட்பார்கள். எந்த மாடி என்கிற விசாரணை இல்லை இது. நடு ஜாவா மாகாணத்தின் தலைநகரான இந்தத் துறைமுக நகரம் இரண்டு தட்டாக அமைந்தது. வடக்கே ஜாவாக் கடலை ஒட்டிய சமவெளி கீழ்ச் செமராங். தெற்கே சட்டென்று ஏறும் குன்றுகள் மேல் செமராங். சுமார் 17 லட்சம் பேர் வாழும் ஊரில் வாடகை, வெக்கை, வெள்ளம், வீட்டின் மறுவிற்பனை எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகின்றன. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கீழே இருந்தே தொடங்குவோம்.

கடலோரச் சமவெளி, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அந்த மண் இன்னும் இறுகி முடியவில்லை; சும்மா விட்டாலே அமுங்கும். மேலே கட்டடங்களின் கனம். அடியில் ஆழ்துளைக் கிணறுகள் வழியாக நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். மூன்றும் சேர்ந்து தரையை இறக்குகின்றன. சில இடங்களில் ஆண்டுக்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் வரை. இறங்கிய தரைக்குள் ஓதம் ஏறும்போது கடல் வந்துவிடும். இதை அங்கே ‘ரோப்’ என்கிறார்கள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில் தெருவில் உப்புத் தண்ணீர் நிற்கும். 2022 மே 23 அன்று தஞ்சுங் எமாஸ் துறைமுகப் பகுதியில் தடுப்புக் கரை உடைந்து, அங்குள்ள தொழிற்பேட்டைக்குள் கடல் புகுந்தது. வேலைக்கு வந்தவர்கள் தண்ணீரில் நடந்து வெளியேறினார்கள்.

முதலீடு என்று பார்த்தால் இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு தவணை இருக்கிறது. வீட்டுக்காரர் மண் கொட்டித் தரையை உயர்த்துவார். சில ஆண்டில் சாலையை உயர்த்துவார்கள். வீடு மறுபடி பள்ளமாகிவிடும். திரும்பவும் மண் கொட்ட வேண்டும். கூரை இருந்த இடத்திலேயே இருக்க, தரை மட்டும் ஏறிக்கொண்டே போகும். பந்தார்ஹார்ஜோ, கெமிஜென் பக்கம் போனால், சன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட பழைய வீடுகளைப் பார்க்கலாம். வங்கிக்கடன் அடைந்த பிறகும் இந்தத் தவணை நிற்காது.

இந்தோனேசியாவின் முதல் வீட்டுக்கடன் கொடுக்கப்பட்டதே இந்த ஊரில்தான். 1976 டிசம்பரில் அரசு வங்கியான பிடிஎன் அதைத் தொடங்கியது. சொந்த வீட்டுக் கனவோடு நடுத்தரக் குடும்பங்கள் குடியேறிய வடக்குப் புறநகர்களில் ஒன்று தானா மாஸ். பின்னாளில் ரோப் அங்கேயும் வந்தது. குடியிருப்போரே மாதச் சந்தா போட்டு, பம்ப் வைத்து, ஆள் வைத்து நீரை வெளியேற்றக் கற்றுக்கொண்டார்கள். கீழே வாழவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. சந்தை, ரயில் நிலையம், அலுவலகங்கள் எல்லாம் கீழேதான். ஆனால் அங்கே வீட்டின் விலையோடு பம்பின் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மேட்டுக்குப் போகும் யோசனையும் புதிதில்லை. டச்சுக்காரர் காலத்தில் திலெமா என்றொரு மருந்துக்கடைக்காரர் இங்கே இருந்தார். கனிமநீர் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். நகரசபை உறுப்பினராகி, கீழே சதுப்பும் காய்ச்சலுமாகக் கிடக்கும் மக்களைக் குன்றுகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விடாமல் வாதாடினார். கட்டடக் கலைஞர் தாமஸ் கார்ஸ்டன் 1916 வாக்கில் சாண்டி பாரு குடியிருப்பைக் குன்றின் வளைவுகளுக்கு இசைவாக வரைந்தார். இன்றும் நகரின் மதிப்புமிக்க மனைகளில் அங்குள்ளவையும் உண்டு.

அந்த ஏற்றத்தின் இன்றைய முகம் தெம்பாலாங். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். நகர நடுவிலுள்ள சிம்பாங் லிமா சதுக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒருகாலத்தில் தோப்பும் புன்செய்யுமாக இருந்தது. திபொனெகொரோ பல்கலைக்கழகம் கீழே பிளெபுரானிலிருந்து கட்டங்கட்டமாக இங்கே வந்தது. அரசு பாலிடெக்னிக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. சுங்கச்சாலை தெம்பாலாங் வழியாகவே போகிறது. மாணவர் வந்தால் அறை வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் ‘கோஸ்’ தொழில். ஒரு வீட்டைப் பல அறைகளாக்கி, ஆளுக்கு ஓர் அறை என்று வாடகைக்கு விடுவது. மாணவிகளுக்குத் தனி, மாணவர்களுக்குத் தனி. அதைச் சுற்றி ஜெராக்ஸ் கடை, கிலோ கணக்கில் துணி வெளுத்துத் தரும் லாண்டரி, நள்ளிரவிலும் நூடுல்ஸ் கொதிக்கும் சிறுகடை என்று ஒரு தனிப் பொருளாதாரமே ஓடுகிறது.

“அப்படியானால் கோஸ் கட்டினால் லாபம்தானே?” என்பீர்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. மனையும் கட்டடமும் சேர்த்து 150 கோடி ரூபியா. பத்து அறை, அறைக்கு மாதம் 10 லட்சம். எல்லாம் நிரம்பினால் ஆண்டுக்கு 12 கோடி, அதாவது 8 விழுக்காடு. விளம்பரத்தில் இந்த எண்தான் இருக்கும். இரண்டு அறை காலி என்று வைத்தால் 9.6 கோடி. பராமரிப்பு, இணையம், காவலாள், வரி என்று ஐந்தில் ஒரு பங்கு போனால் மிச்சம் சுமார் 7.7 கோடி, 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். இந்தோனேசிய அரசு தன் குடிமக்களுக்கு விற்கும் சில்லறைக் கடன்பத்திரமே அண்மை ஆண்டுகளில் 6 விழுக்காட்டைச் சுற்றி வட்டி தந்திருக்கிறது. அதற்குக் குழாய் ரிப்பேர் கிடையாது. ஆக, கோஸ் கட்டுகிறவர் உண்மையில் நம்புவது வாடகையை விட மனை விலை ஏறுவதைத்தான். அதைத் தெரிந்து செய்தால் தவறில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழில் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2020-இல் வகுப்புகள் இணையத்துக்குப் போனதும் மாணவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கட்டடம் அங்கேயே நின்றது, வங்கித் தவணையும் நின்றபாடில்லை.

குடியிருக்க எப்படி? கீழே வியர்த்து வழியும்போது இங்கே மாலையில் காற்று வரும். அக்கம்பக்கம் ‘ஆர்டி’ என்ற சின்ன அமைப்பில் கட்டப்பட்டிருக்கும். ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு, இன்று சில பத்து வீடுகளுக்கு ஒரு தலைவர். குப்பைக்கும் காவலுக்கும் மாதச் சந்தா, சேர்ந்து சாக்கடை சுத்தம் செய்யும் ஞாயிற்றுக்கிழமை, பெண்களின் சீட்டுக் கூட்டம் எல்லாம் உண்டு. இரவு தங்கும் விருந்தாளியைத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். தனிமை விரும்பிக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் வீட்டைப் பூட்டி ஒரு மாதம் ஊருக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

ஆனால் மேடு என்ற ஒன்றை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். 2023 ஜனவரி 6 அன்று பெங்கோல் ஆற்றின் கரை உடைந்து, மெத்தேசே பகுதியின் தினார் இண்டா குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்தது. மெத்தேசே இருப்பது இதே தெம்பாலாங் வட்டத்தில்தான். குன்றுப் பகுதிக்குள்ளும் ஆற்றுப் பள்ளம் உண்டு. வட்டத்தின் பெயர் உங்கள் மனையின் உயரத்தைச் சொல்லாது. சரிவுகளில் மழைக்காலத்தில் மண் நகரும். சுவரில் குறுக்கே ஓடும் விரிசலைப் புதுப் பெயின்ட் மறைத்திருக்கும். குடிநீர் வாரியக் குழாய் எட்டாத குடியிருப்புகள் பொது ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும். அந்தக் கிணறு யார் பொறுப்பு, கோடையில் எத்தனை மணி நேரம் நீர் வரும் என்று கேளுங்கள்.

மண் சரி என்றால் அடுத்தது பத்திரம். 1960-இன் அடிப்படை நிலச் சட்டப்படி, ‘ஹக் மிலிக்’ எனும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. கட்டுமான நிறுவனம்கூட அதை வைத்திருக்க முடியாது. அதனால் புதுக் குடியிருப்புகள் பெரும்பாலும் ‘ஹக் குனா பங்குனான்’ எனும் காலவரையுள்ள கட்டட உரிமையில் விற்கப்படும். முதலில் 30 ஆண்டு, பிறகு நீட்டிப்பு. 600 சதுர மீட்டர் வரையிலான வீட்டு மனை என்றால் குடிமகன் அதை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளலாம். பழைய வீடு என்றால் சான்றிதழின் ஆண்டைப் பாருங்கள். 28 ஆண்டு ஓடிய உரிமையைப் புது விலைக்குத் தலையில் கட்டுவார்கள். கிராமத்து வரிப் பதிவை மட்டும் காட்டி விலை குறைத்துத் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுவது நல்லது. பதிவு அலுவலகச் சான்றிதழ் இல்லாத நிலம் வில்லங்கத்தின் வாசற்படி.

வெளிநாட்டவர் என்றால், அங்கே தங்க அனுமதி உள்ளவர் ‘ஹக் பக்காய்’ எனும் பயன்பாட்டு உரிமையில் வீடு வாங்கலாம்: 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. அதற்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை உண்டு. கோஸ் வைக்கும் சிறு வீட்டின் விலை அதை எட்டாது. உள்ளூர் நண்பர் பேரில் வாங்கிப் போடலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். சட்டத்தின் 26-வது பிரிவு, அப்படி வெளிநாட்டவருக்கு முழு உரிமையைக் கைமாற்றுவது செல்லாது, நிலம் அரசுக்குப் போகும் என்கிறது. கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. நண்பர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே எடுபடாது.

வாங்கும் செலவில், வரம்புக்கு மேலான மதிப்பில் 5 விழுக்காடு வரை கைமாற்று வரி வாங்குபவருக்கு, விற்பவருக்கு 2.5 விழுக்காடு வருமான வரி. இரண்டையும் கட்டிய ரசீதைப் பார்த்த பிறகே பத்திர அதிகாரி கையெழுத்திடுவார். இரண்டும் உங்கள் தலையில் விழுகிறதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

அவசரம் இல்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தோனேசியாவில் தனி வீட்டு வாடகையைப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மொத்தமாக முன்கூட்டியே கொடுப்பார்கள். பிடித்த தெருவிலேயே அப்படி ஒரு வீட்டை எடுத்து, ஜனவரி, பிப்ரவரி மழையையும் ஆகஸ்ட் வறட்சியையும் உள்ளே இருந்தே பாருங்கள். ஆர்டி தலைவரிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் பேசிப் பழகுங்கள். எந்த மனையில் நீர் நிற்கும், எந்தப் பத்திரத்தில் பங்காளிச் சண்டை என்பது தரகரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். கொடுக்கிற ஓராண்டு வாடகையைச் செலவு என்று எழுதாதீர்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு அதுதான் பரிசோதனைக் கட்டணம். வேண்டாம் என்று முடிவாகிவிட்டால், போட்ட பணத்துக்கு அதைவிட நல்ல லாபம் வேறு இல்லை.