கப்பல் மேசையில் இருக்கும் விசா அதிகாரி

2025 ஜூன் 30 நெருங்க நெருங்கக் கடிதங்கள் கூடின. மலேசியர்களுக்கு இந்தியா தந்துவந்த கட்டணமில்லாத 30 நாள் இ-விசா அன்றோடு முடிவதாக இருந்தது. கெடா மாநிலத்துத் திகாம் பத்துவிலிருந்து ஒரு குடும்பம் எழுதியது: நவம்பரில் மும்பையில் கப்பல் ஏறி, கொச்சி, கொழும்பு பார்த்துச் சிங்கப்பூரில் இறங்க இடம் எடுத்தாகிவிட்டது, ஜூன் முடிவதற்குள் விசாவை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா? முகவர் “விசா ஃப்ரீ” என்றாராம்.

முடியாது. 30 நாள் இ-விசாவுக்குப் பயணத் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க இயலும். நவம்பர் பயணத்துக்கு அக்டோபரில்தான் கதவு திறக்கும். முன்கூட்டியே வேண்டுமென்றால் ஓராண்டு, ஐந்தாண்டு இ-விசாக்கள் இருக்கின்றன. பயணத்துக்கு 120 நாள் முன்பிருந்தே கேட்கலாம், ஆனால் காசு கட்ட வேண்டும்.

முகவர் சொன்ன வார்த்தையில்தான் குழப்பமே. “விசா ஃப்ரீ” வேறு, “ஃப்ரீ விசா” வேறு. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்குக் கொடுத்தது முதல் வகை: கடப்பிதழோடு வந்து இறங்கலாம். 2024 ஜூலையிலிருந்து இந்தியா நமக்குக் கொடுத்தது இரண்டாம் வகை: விண்ணப்பம் உண்டு, படம் உண்டு, காத்திருப்பு உண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு, கட்டணம் மட்டும் இல்லை. உங்கள் தாத்தா பாட்டி யாராவது பாகிஸ்தான் குடிமக்களா என்ற கேள்வியும் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் மரம் சீவ வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்கும் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு அறிவிப்புகளும் கேட்பவர் காதில் ஒரே மாதிரியான சலுகைபோல ஒலித்தன. அதை நம்பித்தான் பலர் கடப்பிதழை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார்கள்.

‘ஈடிஏ’ என்ற பயண அனுமதியும் இதே சாதிதான். அது விசா அல்ல என்று அரசுகள் அடித்துச் சொல்லும். படிவம், கட்டணம், சரிபார்ப்பு, மறுப்பு எல்லாம் இருக்கும். பெயர் மட்டும் வேறு. பிரிட்டன் 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்களிடமும் அதைக் கேட்கிறது.

கடப்பிதழை எங்கே புதுப்பிப்பது, ஆறு மாதம் செல்லுபடி ஏன் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கப்பல் பயணத்தில் ஆளைக் கவிழ்ப்பது அதுவல்ல, எண்ணிக்கை. விமானத்தில் போகிறவர் ஒரு நாட்டுக்குள் ஒருமுறை போகிறார், ஒருமுறை வெளியேறுகிறார். கப்பல் அப்படி இல்லை. சென்னையில் விமானத்தில் இறங்கிக் கப்பல் ஏறுகிறீர்கள்: ஒரு நுழைவு. கப்பல் கொழும்புக்குப் போய்க் கொச்சிக்கு வருகிறது: இரண்டு. மாலத்தீவைத் தொட்டு மும்பைக்குத் திரும்புகிறது: மூன்று. அந்த 30 நாள் இ-விசாவில் இருப்பதோ இரண்டு நுழைவு. நீங்கள் அதே அறையில், அதே கட்டிலில்தான் தூங்கியிருப்பீர்கள்; சட்டத்தின் கணக்கில் மூன்று தடவை எல்லை தாண்டிவிட்டீர்கள். இ-விசாவை ஏற்கும் துறைமுகங்களுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. சென்னை, கொச்சி, மங்களூர், மர்மகோவா, மும்பை அதில் உண்டு. கப்பல் நிற்கும் எல்லாத் துறையிலும் அது செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? மும்பைக் குடிநுழைவு அதிகாரி என்று நினைப்போம். அவர் கடைசி ஆள். முதல் ஆள், கப்பலேறும் மண்டபத்தில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் மேசைக்குப் பின்னால் நிற்கும் கம்பெனி ஊழியர். அவர் அரசு ஊழியர் அல்ல. குடிநுழைவுச் சட்டம் படித்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் போக வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். அவர் வேண்டாம் என்றால் முறையிட மன்றம் இல்லை, எழுத்தில் காரணம் தரும் கடமையும் பெரும்பாலும் இல்லை, கட்டிய பணமும் திரும்பாது. தாள்கள் சரியாக இருப்பது பயணியின் பொறுப்பு என்று நீங்கள் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

ஏன் அவ்வளவு கறார்? சரியான தாள் இல்லாதவரை ஏற்றி வந்தால் ஏற்றி வந்த கம்பெனிக்குத்தான் அபராதம். திருப்பிக் கொண்டுபோகும் செலவும் அதன் தலையில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு விதி உறுப்பு நாடுகளுக்குத் தரும் தெரிவுகளில் ஒன்று, ஓர் ஆளுக்குக் குறைந்தது 3,000 யூரோ. உங்களை ஏற்றாமல் விட்டால் கம்பெனிக்கு நட்டம் ஒன்றுமில்லை, ஏற்றினால் ஆபத்து. சந்தேகம் வந்தால் அந்த ஊழியர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டுமா?

எனக்கு உறுத்துவது இந்த ஏற்பாட்டின் வரலாறு. கப்பல் கம்பெனியைப் பொறுப்பாக்கும் வழக்கம் பழையது. ஆனால் அதன் இன்றைய கூர்மையான வடிவம் ஒன்று தமிழர்களை வைத்தே தீட்டப்பட்டது. 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மக்கள்மீது அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பிப்ரவரியில் ஏறக்குறைய அறுபது இலங்கைத் தமிழர் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். திருப்பி அனுப்ப விமானத்துக்கு இழுத்தபோது ஓடுபாதை ஓரத்திலேயே சட்டையைக் கழற்றி எறிந்து, உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். நீதிமன்றம் குறுக்கிட்டது. அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது: விசா இல்லாதவரை ஏற்றி வரும் கம்பெனி ஓர் ஆளுக்கு 1,000 பவுண்டு கட்ட வேண்டும். அந்த ஆண்டே சட்டமாகிவிட்டது. பின்னால் தொகை 2,000 ஆனது. அடைக்கலம் கேட்கும் உரிமையில் அரசு கை வைக்கவில்லை. கேட்கும் இடம்வரை வந்து சேர முடியாதபடி டிக்கெட் மேசையில் ஓர் ஆளை நிறுத்தியது. சாமர்த்தியம்தான். உல்லாசப் பயணம் போகும் நம்மையும் இன்று அதே மேசைதான் சலிக்கிறது.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். திகாம் பத்துவைத் தாண்டி மூடா ஆற்றைக் கடந்தால் பினாங்கு மாநிலம். இன்று அங்கே யாரும் கடப்பிதழ் கேட்பதில்லை. ஆனால் போருக்கு முன்பு அந்த ஆறு சும்மா ஆறு இல்லை: தென்கரை ஆங்கிலேயரின் நேரடிக் குடியேற்ற நாடு, வடகரை சுல்தானின் நாடு. தென்கரையில் பிறந்த குழந்தை மண்ணாலேயே பிரிட்டிஷ் பிரஜை; வடகரையில் பிறந்த குழந்தைக்கு அந்த மண் அதைத் தரவில்லை. மெர்டேக்காவுக்கு, அதாவது விடுதலைக்குப் பிறகு குடியுரிமைக்குப் பதியச் சொன்னபோது, தோட்டத்தில் பலருக்குப் படிவமும் புரியவில்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை, எழுத்தரான கிராணியும் அக்கறைப்படவில்லை. அப்படிக் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு பாட்டியைப் பற்றித்தான் இன்னொரு கடிதம். எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குச் சிங்கப்பூரில் ஏறிப் புக்கெட் போய்வரும் கப்பலில் பேரப்பிள்ளைகள் இடம் எடுத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் “மலேசியர்களுக்கு விசா தேவையில்லை” என்று போட்டிருக்கிறதாம். உண்மைதான், மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு. சிவப்பு அட்டைக்காரருக்கு அந்தக் கடப்பிதழ் கிடையாது. இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால், சிங்கப்பூர் விசா வேண்டும். எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லையென்றால், குடிநுழைவுத் துறையிடம் அடையாளச் சான்றிதழ் என்ற பயண ஆவணத்தைக் கேட்க வேண்டும். அதைக் காட்டிப் போகும் நாடுகளில் விசாவும் கேட்க வேண்டும். திரும்பி வர, பயண ஆவணத்தில் உள்ள நுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். பேரப்பிள்ளைகள் எல்லாரும் நீல அட்டைக்காரர்கள், அதாவது குடிமக்கள் என்பதால் முகவர் கேட்கவே இல்லையாம். எழுபத்தைந்து வருடமாக இங்கேயே வாழ்ந்தவரிடம் யார் போய் நீங்கள் எந்த நாட்டவர் என்று கேட்பார்கள்? அந்த மேசை ஊழியர் கேட்பார்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஹட்யாய் போகும் எல்லை பாஸில் புக்கெட் போகலாமா? முடியாது, அது தென் தாய்லாந்தின் எல்லை மாநிலங்களுக்கு மட்டும்.

தாய்லாந்துக்கு வேறு ஏதாவது? 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், இலவசம். வெள்ளி கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

சிங்கப்பூருக்கு? அதேபோல ஒரு வருகை அட்டை, அதுவும் இலவசம்.

ஊரைப் பார்க்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் விசா வேண்டாமா? பல வழித்தடங்களில் வேண்டும். இறங்குவது உங்கள் இஷ்டம், ஆவணம் அப்படி இல்லை.

அலாஸ்கா? அமெரிக்க விசா, கனடா விசா இரண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் வேறு நாட்டைத் தொடாமல் அமெரிக்கத் துறைகளுக்கிடையே பயணிகளைக் கொண்டுபோகக் கூடாது என்று 1886இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்காகத்தான் சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் கனடாவில் சில மணி நேரம் நிற்கின்றன.

முகவரே விசா எடுத்துத் தருகிறார், சேவைக் கட்டணம் கேட்கிறார்? இந்திய இ-விசாவை நீங்களே அரசுத் தளத்தில் போடலாம்; பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணி நேரம்.

விசா கிடைக்காவிட்டால் முகவர் பணத்தைத் திருப்பித் தருவாரா? ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள், எழுத்து சிறியது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.