ஒரு மதிப்பெண்ணைப் பறிக்கும் சின்னச் சொல்

போட்டித் தேர்வுகளின் ஆங்கிலத் தாளில் 'வாக்கியத்தில் உள்ள பிழையைக் கண்டுபிடி' என்ற கேள்விகள் வருவதுண்டு. நன்றாகப் படிக்கும் நம் பிள்ளைகளும் இதில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். தமிழில் நினைத்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

'பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்' என்பது நம் வழக்கு. அதனால் 'வி டிஸ்கஸ்ட் அபௌட் தி பிராப்ளம்' என்பது நம் காதுக்குச் சரியாகவே படும். ஆனால் 'டிஸ்கஸ்' என்ற வினைச்சொல்லிலேயே 'பற்றி' அடங்கிவிட்டது. 'வி டிஸ்கஸ்ட் தி பிராப்ளம்' என்பதே சரி. அதுவே 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் 'அபௌட்' சேர்க்கலாம். தேர்வில் குழப்புவது இந்த இடம்தான்.

இதேபோல,

* அறைக்குள் நுழைந்தான்: 'ஹி என்டர்ட் தி ரூம்'. 'இன்டு' வேண்டாம். (ஒப்பந்தம் செய்துகொள்வதைச் சொல்லும்போது 'என்டர் இன்டு' சரி.)
* சென்னைக்கு வந்து சேர்ந்தாள்: 'ஷி ரீச்ட் சென்னை'. 'டு' வேண்டாம்.

தலைகீழாகவும் நடக்கும். 'நான் சொல்வதைக் கேள்', 'படத்தைப் பார்' என்பவற்றில் தமிழுக்கு 'ஐ' உருபு போதும். ஆங்கிலத்திலோ 'லிசன் டு மீ', 'லுக் அட் தி பிக்சர்' என்று எழுத வேண்டும்.

எனவே பெற்றோர்களே, பிள்ளைகள் புதிய வினைச்சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது பொருளை மட்டும் எழுதாமல், அது வரும் முழு வாக்கியத்தையும் எழுதப் பழக்குங்கள். ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பு கைநழுவும் தேர்வுகளில் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.