குப்பை அள்ளாத நாட்கள்



நினைவுப் பேருரையை ஒருவரை நினைவுகூர்ந்து தொடங்குவது மரபு. நாம் பூப் சிங்கை நினைவுகூர்கிறோம். 1957 ஜூலையில் தில்லித் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 31 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பூப் சிங் உயிரிழந்தார். துப்புரவுத் தொழிலாளர் அமைப்புகள் இன்றும் அந்த நாளைக் கடைப்பிடிக்கின்றன. குப்பை அள்ள மறுத்தவர்கள் மீது எதற்குத் துப்பாக்கி? அதற்கு விடை தேடுவதே இந்த உரை.

முதலில் வெயிலின் கணக்கு. காரிமங்கலத்தில் சந்தை கலைந்த மறுநாள் அந்தத் திடலைக் கடந்தவர்களுக்கு இது தெரியும். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. வெயிலில் அது ஒரே நாளில் புளித்து நாறும். ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். பத்து நாளுக்குள் புது ஈக்கள் பறக்கும். ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டம். ஊருக்கு உடனே உறைக்காது. குப்பை அள்ளுகிறவர் நிறுத்தினால் மூன்றாம் நாளே ஒவ்வொரு வாசலிலும் உறைக்கும். மற்ற நாட்களில் அந்த நாற்றத்தையும் வெயிலையும் தனியாகச் சுமக்கிறவருக்கு, வேலைநிறுத்த நாளில் வெயிலே துணை. அதனால்தான் அரசுகள் பதறுகின்றன.

நகரங்கள் எப்படிச் சமாளிக்கின்றன? கனடாவின் டொராண்டோவில் 2009 ஜூன் 22 முதல் 39 நாட்கள், நடுக்கோடையில், மாநகராட்சி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் தற்காலிகக் கிடங்குகள் திறக்கப்பட்டன. மக்கள் தங்கள் குப்பையைத் தாங்களே கட்டி, காரில் ஏற்றி, வரிசையில் நின்று கொட்டினார்கள். முணுமுணுத்தார்கள், கிடங்குகளை எதிர்த்தார்கள். ஆனாலும் தன் குப்பையைத் தான் தொட்டதால் அங்கே யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2012இல் அந்நகரின் யங் தெருவுக்கு மேற்கே வீட்டுக் குப்பை அள்ளும் வேலை தனியார் கைக்குப் போனது.

சென்னையிலோ தனியார்மயம் முதலில் வந்தது. போராட்டம் பின்னால் வந்தது. இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்கு விடப்பட்டதும், 2025 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஆண்டுக்கணக்கில் மாநகராட்சிக்கு உழைத்தவர்கள். மாதம் சுமார் 23,000 ரூபாயாக இருந்த கூலி பல ஆயிரம் குறையும் என்றார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். ஆகஸ்ட்டிலும் சென்னைப் புழுக்கம் கோடைக்குச் சளைத்ததல்ல. வடசென்னைத் தெருக்களில் தொட்டிகள் நிரம்பி வழிந்தன.

இங்கே யாரும் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட வரிசையில் நிற்கவில்லை. வேறு ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் எந்தத் தெருவின் பிள்ளைகள் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் நகரம் நெருக்கடியிலும் தன் கையை நீட்டுவதில்லை. இன்னொரு சேரிக் கையைத் தேடுகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலையாட்களைப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதன் பொருள் இதுதான்.

ஆள் மாற்றியும் போராட்டம் அடங்காதபோது சட்டம் வருகிறது. நடைபாதையை மறிக்கிறார்கள் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்தது. மறுநாள் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அரசு அறிவித்தது. அவர்கள் கேட்டது சோறு அல்ல, வேலை. வேலையில் பாதுகாப்பு இருந்தால் சோற்றை அவர்களே ஆக்கிக்கொள்வார்கள்.

1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை அம்பேத்கர் எதிர்த்தார். வேலைநிறுத்த உரிமை சுதந்திர உரிமையின் மறுபெயர் என்று வாதிட்டார். அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தமும் நடத்தினார். விருப்பமில்லாத ஒருவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தினால் அதற்கு அடிமைத்தனம் என்றே பெயர். அந்த வேலையில் பிறப்பால் தள்ளப்பட்டவருக்கு இது இரட்டை அடிமைத்தனம்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தையும் நினைத்துப் பார்ப்போம். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்க வேறு இடமின்றிக் குப்பை லாரிக்குள் நின்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் அதன் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் ஏந்திய அட்டைகளில் ‘நான் ஒரு மனிதன்’ என்று இருந்தது. அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் தொழிற்சங்கத்தை நகரம் ஏற்றது.

தமிழகத்தில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாறிவிட்டது. பெயரை மாற்றச் செலவில்லை. நிரந்தரம் தரத்தான் செலவு. இந்த வேலை நம் பேரூராட்சியிலும் நாளை நிற்கலாம். அன்று மாணவர்கள் செய்ய வேண்டியது எளிது. ஈரக் குப்பையைப் பிரித்து வீட்டுக் கொல்லையில் குழி வெட்டிப் போடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். வேலைநிறுத்தத்தை உடைக்கத் துடைப்பம் எடுக்காதீர்கள். நாறுகிறது என்று மனு எழுதினால், அதைத் தொழிலாளிக்கு எதிராக எழுதாதீர்கள். கூலியைத் தீர்மானிக்கிற மேசைக்கு எழுதுங்கள்.

பூப் சிங்குக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே. ஜெய் பீம்.