வைத்தியர் குறிப்பும் ஊர் க்ஷேமமும்

சிட்டாவில் எழுதிய வரவு பேரேட்டில் ஏறினாலன்றிச் சங்கத்தின் நிலை விளங்காது. வியாதிக் கணக்கும் அத்தகையதே.

பிரான்ஸ் தேசத்தில், அழைத்த வீட்டிற்கு இரவும் பகலும் செல்லும் ‘எஸ்.ஓ.எஸ். மெத்சேன்’ என்னும் வைத்தியர் சங்கம் 1966-ம் வருஷம் ஏற்பட்டது. 2003-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அத்தேசத்தில் கடும் வெப்பத்தால் சுமார் 15,000 ஜனங்கள் மாண்டனர். வைத்தியர்கள் தத்தம் நோயாளிகளை அறிந்திருந்தனர். அவர்கள் கண்டதை உடனுக்குடன் ஒன்றுசேர்த்து அபாயத்தை உணர்த்தும் ஏற்பாடு இருக்கவில்லை.

ஆகவே, 2004-ல் சுகாதார அதிகாரிகள் தினசரிக் கணக்கு முறையைத் தொடங்கினர். 2006-ல் மேற்படி சங்கத்தின் கணக்கும் அதிற் சேர்ந்தது. நோயாளியின் வயது, கண்ட வியாதி முதலியன பெயரின்றி நாள்தோறும் அனுப்பப்படுகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகாது வீட்டிலே படுத்திருப்போரின் இன்புளுயன்சா ஜுரமும் இதனால் கணக்கில் வருகிறது. வழக்கத்திற்கு மேல் தொகை ஏறுமாயின் அதிகாரிகள் விசாரித்து ஜனங்களை எச்சரிப்பர். ஒரு வீட்டு நோயைப் பற்றிய ஒரு வரி, ஊரார் உயிரைக் காக்கவும் உதவுகிறது.