சுவையும் அளவும்

மதுரையைத் தூங்கா நகரம் என்று சொல்வார்கள். அது விழித்திருப்பதற்குக் கோயிலும் வாணிகமும் காரணங்களாயினும், நள்ளிரவிலும் ஆவி பறக்கும் இட்லிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பருத்திப் பால், ஜிகர்தண்டா, கறி தோசை, அயிரை மீன் குழம்பு என இவ்வூர் நாவிற்கு வழங்கும் இன்பங்கள் பல. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு உடல் எடையைக் குறைப்பது பற்றிப் பேசுவது, விருந்து வீட்டில் பட்டினியின் பெருமையைப் பேசுவதுபோலச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், யாரையும் பட்டினி கிடக்கச் சொல்வது என் நோக்கமன்று. நல்ல உணவை விரும்பிக்கொண்டே, வீட்டுச் சமையலைக் கைவிடாமலே, எடையை வரம்புக்குள் நிறுத்த இயலும். அதற்கு மாற வேண்டியது சுவையன்று. அளவும் முறையுமே ஆகும்.

இதைப் பற்றி இப்போது பேசவேண்டிய தேவை என்ன? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 30.9 பேரும், ஆண்களில் 28.2 பேரும் மிகை எடை உடையவராய் இருந்தனர். 2019-21-இல் அந்த எண்கள் முறையே 40.4 என்றும் 37.0 என்றும் உயர்ந்துவிட்டன. நான்கைந்து ஆண்டுகளுக்குள் இத்தனை ஏற்றம்! மிகை எடையோடு நீரிழிவும், இரத்த அழுத்தமும், மூட்டு வலியும் சேர்ந்து வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு உடையவர் என்று கண்டறிந்தது. அந்தத் தொகை பத்துக் கோடியைத் தாண்டுகிறது.

நம் உணவு திடீரென்று நஞ்சாகிவிட்டதா? இல்லை. அந்த உணவைச் செரித்த உழைப்புத்தான் மறைந்தது. மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் பெருஞ்சோறு உண்டனர். மாலைக்குள் அது வியர்வையாயிற்று. பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைவித்தவர்கள் அவற்றைக் கூழாகவும் களியாகவும் உண்டு காடு கழனியில் உழைத்தனர். வீட்டினுள் உலக்கையும் ஆட்டுக்கல்லும் அம்மியும் பெண்களின் வலிமையைக் கேட்டன. இன்று உழவு இயந்திரமும் மாவாட்டும் இயந்திரமும் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டுவிட்டன. அது நல்லதே, அந்தச் சுமையை மீண்டும் பெண்களின் தலையில் ஏற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் உழைப்பு குறைந்த வீட்டில், சோற்றுக் கரண்டி மட்டும் பழைய கணக்கை மறக்கவில்லை.

கணக்கு என்றதும் மாணவர்கள் அஞ்சவேண்டா; இது எளிய கணக்கு. உணவின் ஆற்றலைக் கலோரி என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு கிராம் மாவுப்பொருளும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ 4 கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. ஆகவே, 5 கிராம் கொள்ளும் சிறு கரண்டி எண்ணெயில் 45 கலோரி அடங்கியிருக்கிறது. செலவழிக்கப்படாத ஆற்றலை உடல் கொழுப்பாகச் சேமிக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டு. நாள்தோறும் 250 கலோரியைக் குறைத்தால் மாதம் ஒன்றுக்கு ஒரு கிலோ அளவில் எடை குறையலாம். எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால், பின்னர் இந்த வேகம் தணியும். அப்போது மனம் தளர்ந்து முயற்சியைக் கைவிடுதல் கூடாது.

இனி அடுக்களைக்குள் நுழைவோம். கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம் எண்ணெயில் எளிதாகக் கரையும். அதனால்தான் தாளிதம் செய்கிறோம். அந்த மணத்தைக் குழம்பெங்கும் பரப்ப ஒரு சிறு கரண்டி எண்ணெய் போதும். எண்ணெய் மேலே மிதப்பதால் சுவை கூடுவதில்லை. புளியும் மிளகும் சுக்கும் பூண்டும் எண்ணெயைப் பெருக்காமலே நாவை மகிழ்விப்பவை. ஆவியில் வெந்த இட்லியையும் எண்ணெயில் மிதந்த வடையையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் உளுந்தைக் கொண்டவையே. சமைத்த முறைதான் வேறு.

அடுத்தது இலையின் அமைப்பு. நம் இலைகளில் சோறு மலைபோலவும் கறிகாய் மடுபோலவும் இருப்பது வழக்கம். இதை மாற்றவேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உண்கலத்தில் ஏறத்தாழப் பாதி காய்களும் கனிகளுமாக இருக்கவேண்டும் என அறிவுறுத்துகிறது. அவரைப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, முருங்கைக்கீரை, பீர்க்கங்காய் ஆகியவை இடத்தை நிரப்பும், பசியை ஆற்றும், ஆற்றலை மிகுதியாகத் தாரா. பருப்பும் பயறும் மீனும் முட்டையும் தரும் புரதம் அடுத்த வேளைவரை பசியைத் தாங்கும். சோறு இருக்கட்டும், ஆனால் அது துணையாக இருக்கட்டும்.

சிறுதானியம் உண்டால் எடை தானாகக் குறையும் என்று நம்புவோரும் உளர். 100 கிராம் அரிசியும் 100 கிராம் கம்பும் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றல் தருவனவே. தவிடு நீக்காத கம்பில் நார்ச்சத்து மிகுதி. அதனால் குறைவாக உண்டபோதே வயிறு நிறையும். அதன் சிறப்பு அதுவே. அளவின்றி உண்டால் கம்பும் காப்பாற்றாது.

இந்த உண்மை நமக்குப் புதியதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் பாருங்கள். அதன் பத்துப் பாக்களில் ஆறு, மருந்தைப் பற்றிப் பேசாமல் உண்ணும் முறையையே பேசுகின்றன. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின், அளவோடு உண்பவனுக்கு வேறு மருந்து வேண்டாவாம். சுவையை வெறுக்குமாறு வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. மென்று, நிதானமாக உண்பவனுக்கே அந்தச் செய்தி உரிய நேரத்தில் கிடைக்கும். அவனே சுவையையும் முழுமையாக அறிகிறான்.

இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. எல்லாரும் உண்டு எழுந்தபின் தாய் தனியே அமர்கிறாள். மிஞ்சிய சோறு வீணாகிவிடுமே என்று தன் பசிக்கு மேலும் உண்கிறாள். காயும் மீனும் அவள் முறை வரும்போது தீர்ந்திருக்கும். மிகை எடை பெண்களிடம் கூடியிருப்பதற்குக் காரணங்கள் பல. இவ்வழக்கமும் அவற்றுள் ஒன்று எனக் கருதுகிறேன். மாணவர்களே, உங்களுக்கு எவ்வளவு வேண்டுமென்று உலை வைக்கும் முன்பே சொல்லுங்கள். அம்மாவையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள். ‘இன்னும் ஒரு கரண்டி’ என்னும் அன்பை, ‘போதும் அம்மா, மிக நன்றாக இருந்தது’ என்று மதிப்போடு ஏற்றுத் தடுக்கப் பழகுங்கள்.

இளைஞர் சிலர் வேறொரு பிழை செய்கின்றனர். உடன் படிப்போரின் கேலிக்கு அஞ்சிக் காலை உணவையே விட்டுவிடுகின்றனர். அவ்வாறு வெறும் வயிற்றோடு வந்து, காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்த மாணவியை நான் பணிக்காலத்தில் கண்டதுண்டு. பசியால் எந்தக் குழந்தையும் வாடலாகாது என்றுதான், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கப்பட்டது. அரசு தேடி வந்து அளிக்கும் ஒரு வேளை உணவை நாமே வலிந்து துறப்பது அறிவுடைமை ஆகாது. வளரும் வயதில் பட்டினி எலும்பையும் தசையையும் தேய்க்கும். மாலையில் பெரும்பசியாகத் திரும்பிப் பரோட்டாக் கடையில் கொண்டுபோய் நிறுத்தும்.

எடை சரியா என அறிய, கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். 1.6 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு விடை 25. இந்தியருக்கு 23-ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்று நம் மருத்துவர்கள் வகுத்துள்ளனர். இந்த எல்லை பெரியவர்களுக்கே உரியது. பள்ளி மாணவர்க்கு வயதுக்கேற்ற வேறு அட்டவணை உண்டு. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க.

தராசின் முள் ஒன்றே நன்மையைக் காட்டுவதன்று. சென்னை மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்றாண்டுகளில் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவு முறையைத் திருத்தி, நடைப்பயிற்சியும் மேற்கொண்டவர்களில் அவ்வாறு ஆனவர் 39 பேரே. எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதும் இந்த நன்மை கிடைத்தது! ஆகவே எடை மெல்லக் குறைகிறதே என்று வருந்தற்க. நீங்கள் நடக்கும் ஒவ்வொரு நாளும், அளவறிந்து உண்ணும் ஒவ்வொரு வேளையும் உடலின் கணக்கில் வரவாகவே எழுதப்படுகிறது.

ஜிகர்தண்டாவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். திருவிழாவுக்கு ஒருநாள் உண்டு. நாள்தோறும் வந்தால் அது திருவிழா ஆகாது. அதையும் அவ்வாறே வைத்துக்கொள்ளுங்கள். நண்பரோடு பகிர்ந்து, நின்று நிதானித்துச் சுவைத்து, வீட்டிற்கு நடந்தே செல்லுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரைக் காண மைல்கணக்காக நடக்கும் மக்கள் நாம். நமக்கு நடை புதிதன்று. நல்ல உணவு நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். அளவறிந்து செலவிடுபவனிடமே செல்வம் நெடுநாள் நிலைக்கும்.