ஸ்டீம் கேட்டார், டெஸ்க்டாப் போனது: 'ஒய்' தட்டும் முன் எதைப் படிக்கணும்?

கனடா யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் லினக்ஸுக்கு மாறிப் பார்க்கும் சவாலில் இறங்கியிருந்தார். அந்த வீடியோ 2021 நவம்பரில் வந்தது. பாப் ஓஎஸ் எனும் லினக்ஸ் வகையில் அவர் போட நினைத்தது ஸ்டீம் மட்டும்தான். செயலிக் கடை மறுத்துவிட்டது. சரி, கமாண்ட் லைனில் போடலாம் என்று 'சுடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் ஸ்டீம்' தட்டினார். கடைசியில் டெஸ்க்டாப்பே காணோம்! மிஞ்சியது எழுத்துகள் மட்டும் உள்ள கறுப்புத் திரை.

எப்படி நடந்தது?

உபுண்டு, டெபியன், பாப் ஓஎஸ் எல்லாவற்றிலும் மென்பொருளைப் போடுவதும் எடுப்பதும் 'ஆப்ட்' வேலை. 'சுடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று அர்த்தம்.

ஒரு மென்பொருள் தனியாக வராது. அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜுகளையும் ஆப்ட் இழுத்து வரும். அவை ஏற்கனவே இருப்பவற்றோடு மோதினால்? இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவும் அது தயார். அன்று பாப் ஓஎஸ் பக்கம் இருந்த பேக்கேஜ் பிழையால், ஸ்டீமுக்கு வழிவிட டெஸ்க்டாப்பை நீக்குவதாக ஆப்ட் முடிவெடுத்தது.

அதைச் சொல்லாமல் செய்யவில்லை. நீக்கப்போகும் பட்டியலைக் காட்டியது, எச்சரித்தது, 'ஆமாம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுசாகத் தட்டச் சொன்னது. அவரும் தட்டினார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நீளமான எச்சரிக்கையை யாருங்க படிக்கிறாங்க?

பிறகு ஆப்டையே மாற்றிவிட்டார்கள். அத்தியாவசியப் பேக்கேஜை நீக்க அந்த வாக்கியம் இனி போதாது. கட்டளையிலேயே தனி அனுமதி தரணும். ஆனால் மற்ற பேக்கேஜுகளுக்கு இன்றும் ஒரு 'ஒய்' போதும். வெறும் என்டர் தட்டினாலும் அது 'ஒய்'தான்!

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்'. இது எதையும் நிறுவாது, பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். அடுத்து இன்ஸ்டால் கட்டளையோடு 'ஹைஃபன் எஸ்' சேர்த்துப் பாருங்கள். ஒத்திகை மட்டும் நடக்கும், கணினியில் எதுவும் மாறாது. 'நீக்கப்படும்' என்ற தலைப்பின் கீழ் நீங்கள் கேட்காத பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திடுங்க.

எடுப்பது எப்படி?

'ரிமூவ்' மென்பொருளை எடுக்கும், அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் அழிக்கும். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ளவற்றை இரண்டுமே தொடாது.

கவனம் தேவைப்படுவது 'ஆட்டோரிமூவ்'. துணைக்கு வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜுகளை அது கூட்டித் தள்ளும். பெரிய தொகுப்பு ஒன்றின் தலைமைப் பேக்கேஜை நீங்கள் எடுத்திருந்தால், அதோடு வந்த எல்லாமே 'தேவையில்லாதவை' ஆகிவிடலாம். நாலைந்து பெயர் வரும் என்று நினைத்த இடத்தில் நாற்பது வந்தால், 'என்' தட்டுங்கள்.